இரண்டு வேலைக்கு ஒரு துப்பாக்கி

அத்தியாயம் 9

"கொலைகாரனைப் பிடிச்சுக் குடுத்த மறுநாள் மனுஷங்க தூங்குவாங்க அக்கா. நாம என்னடான்னா கடை திறக்கறதுக்கு முன்னாடியே கதவைத் தட்டிட்டு நிக்கறோம்."

பெக்தேன் இதைச் சொன்னபோது அவன் வாய் நிறைய அஷ்லான்-ஃபூ இருந்தது. காராகோல் சந்தையில் காலை எட்டு மணிக்கே அந்தப் புளிப்பும் காரமுமான குளிர்ந்த நூடுல்ஸ் கிடைக்கும். கிண்ணத்தோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பழைய மல்யுத்த வீரன். மேடையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் பசி மட்டும் ஓய்வு பெறவில்லை.

"பிடிச்சுக் குடுத்தது கொலைகாரனைத்தானான்னு பார்க்கத்தான் வந்திருக்கோம்" என்றாள் சைகல்.

பெக்தேன் மெல்வதை நிறுத்தினான்.

பதினாறு நாளைக்கு முன்னால் ஒமுர்சாக் செத்துப்போனான். மாவட்டத்திலேயே பெரிய துப்பாக்கிப் பயிற்சியாளன் அவன். மலை அணில் வேட்டைக்குப் போன இடத்தில், நல்ல வெயில் அடிக்கும் மத்தியானத்தில், காதுக்குக் கீழே ஒரே ஒரு சின்னத் தோட்டா. எவனோ வேட்டைக்காரனின் கை தவறிய குண்டு என்று எழுதி, போலீஸ் வழக்குக் கட்டை மூடிவிட்டது. மூடிய கட்டைத் திறக்கச் சொல்லி சைகலிடம் வந்தவள் ஒமுர்சாக்கின் தம்பி மனைவி கன்ஷாயிம்.

"ஊர் என் வீட்டுக்காரரை ஒரு மாதிரி பார்க்குது. அவர்மேல தப்பு இல்லைன்னு நீங்க நிரூபிச்சுக் குடுங்க" என்றாள்.

இவர்கள் தோண்டினார்கள். தோண்டிய இடமெல்லாம் அவள் கணவன் ஜோல்தோஷுக்கே குழியாயிற்று. மேய்ச்சல் நிலத்துக்காக அண்ணனோடு சண்டை. கொலை நடந்த மத்தியானம் அவனை எங்கேயும் பார்த்தவர் இல்லை. போன மாதம் புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கிறான், யாரிடமும் மூச்சு விடவில்லை. நேற்று அந்தத் துப்பாக்கியை ஆட்டுக் கொட்டகை வைக்கோலுக்குள்ளிருந்து உருவியது பெக்தேன்தான். மேஜர் இஷேன் அங்கேயே விலங்கு மாட்டினார். கன்ஷாயிம் முற்றத்தில் நின்று, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். அழவில்லை.

"காலையில நீ சந்தைக்குப் போனப்ப நான் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள் சைகல். "ஜோல்தோஷ் ஒரு காகிதத்தைப் பத்திச் சொன்னான்."

"என்ன காகிதம்?"

"அதைத்தான் பார்க்கப் போறோம். வாயைத் துடை."

கதவு திறந்தது.

ஜினைதா பெத்ரோவ்னாவுக்கு எழுபது வயது. வாயில் எப்போதும் பற்றவைக்காத ஒரு சிகரெட். தோட்டா விற்கிற இடத்தில் பற்றவைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வாயிலிருந்து எடுக்கக் கூடாது என்பதும் அவள் போட்டதுதான்.

"பொம்பளைத் துப்பறிவாளியும் அவ எருமையும். என்னடா, என் கடை வாசல்ல சிந்தி வச்சிருக்க?"

"சூப்தான் ஜினைதா பெத்ரோவ்னா. எறும்புகளுக்குத் தர்மம்" என்றான் பெக்தேன்.

சைகல் கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றினாள். பையிலிருந்து ஒரு உலர்ந்த தயிர் உருண்டையை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். யோசிக்கும்போது அவளுக்கு அது வேண்டும்.

"நான் துப்பாக்கி வாங்க வந்திருக்கேன்னு வச்சுக்குங்க. வேட்டைக்கும் ஆகணும், குறி பார்த்துப் பழகறதுக்கும் ஆகணும். ரெண்டு வேலைக்கும் ஒண்ணே ஒண்ணு."

"கல்யாணத்துக்கும் இழவுக்கும் ஒரே சட்டை கேக்கற மாதிரி இருக்கு. ஜோல்தோஷும் இப்படியேதான் கேட்டான், வார்த்தை மாறாம." கிழவி திரும்பி மூன்று துப்பாக்கிகளை எடுத்து வரிசையாகக் கிடத்தினாள். "மூணும் மெல்காஷ்கா. சின்னத் தோட்டா போடற சாதி. தோளை உதைக்காது, சத்தம் யாரோ கை தட்டின மாதிரிதான் கேக்கும். காசும் கம்மி, நாள் பூராச் சுடலாம். இப்ப பாரு."

முதல் துப்பாக்கியைத் தட்டினாள். "இது தானே தோட்டா ஏத்திக்கும். விரலை அழுத்தினா போதும், வரிசையாப் போயிட்டே இருக்கும். ஓடற முயலுக்கு ராஜா. ஆனா சுட்ட தோட்டாவோட வெத்துக் குழாயை இதுவே வெளிய துப்பிடும், புல்லுல எங்கேயாவது போய் விழும். 'வேணாம்'னான்."

பெக்தேன் சைகலைப் பார்த்தான். ஒமுர்சாக் விழுந்த சரிவை அவர்கள் இரண்டு நாள் மண்டியிட்டுத் தேடியிருந்தார்கள். வெற்றுக் குழாய் எதுவும் அகப்படவில்லை.

"இது போட்டிக்குப் போறது." இரண்டாவது துப்பாக்கியை அவள் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். "அஞ்சு கிலோ. வச்ச பொட்டுமேலயே இன்னொரு பொட்டு வைக்கும். ஆனா இதைத் தூக்கிட்டு மலை ஏறினா அணில் பொழைச்சுக்கும், வேட்டைக்காரன்தான் போய்ச் சேருவான். இதையும் வேணாம்னான்."

"மூணாவது?"

"புத்தியுள்ளவன் வாங்கறது. போல்ட்டைக் கையால இழுத்து ஒவ்வொண்ணா ஏத்தணும். மூணு கிலோகூட வராது. துப்பாக்கிக் குழாய் ரொம்ப மெலிசும் இல்ல, தடியும் இல்ல, சூடேறினாலும் குறி நகராது. மேல தொலைநோக்கி மாட்டிக்கலாம், அது உடைஞ்சா வெறும் கண்ணாலயும் சுடலாம். விசையை விரலுக்குத் தகுந்தபடி இளக்கிக்கலாம். சுட்ட தோட்டாக் குழாய், நீ போல்ட்டை இழுக்கற வரைக்கும் உள்ளயே உக்காந்திருக்கும். நிதானமா எடுத்துப் பையில போட்டுக்கலாம்."

"இதைத்தான் வாங்கினானா?"

"இந்த வகைதான். ஆனா இது இல்ல." கிழவி சிகரெட்டை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்குத் தள்ளினாள். "போல்ட் இடதுபக்கம் இருக்கணும்னான். இடதுகைக்காரங்களுக்குச் செஞ்சது ஏழு வருஷமா ஒண்ணு என்கிட்ட தூங்கிட்டிருந்தது. அதை எடுத்துக் குடுத்ததும், பின்கட்டையை ரெண்டு விரக்கடை வெட்டித் தரச் சொன்னான்."

"வெட்டணுமா?" என்றான் பெக்தேன். "ஜோல்தோஷ் ஒட்டகத்துக்கே அண்ணன் மாதிரி இருக்கான். அவன் கைக்குக் கட்டையை நீட்டணுமே தவிர வெட்டக் கூடாதே."

"அதையேதான் நானும் கேட்டேன். 'எழுதியிருக்கு'ன்னான். கையில ஒரு காகிதம். ஒவ்வொரு வரியா வாசிச்சு ஒவ்வொண்ணாக் கேட்டான், ரேஷன் சாமான் வாங்க வந்தவன் மாதிரி. 'விசை எவ்வளவு இளக்கமா வேணும்?'னு கேட்டதும் திருதிருன்னு முழிச்சான். அது காகிதத்துல இல்ல. வெளிய போய் யாருக்கோ போன் போட்டுட்டு வந்து, 'தூங்கற குழந்தை மூச்சு விடற அளவுக்கு'ன்னு ஒப்பிச்சான். அந்த வாயில வர்ற பேச்சா அது?"

"இதையெல்லாம் மேஜர்கிட்ட ஏன் சொல்லல?"

"மேஜர் வந்தான். 'இந்தத் துப்பாக்கியை இவனுக்கு வித்தியா?'ன்னு கேட்டான். 'வித்தேன்'னேன். போயிட்டான். கேக்காத கேள்விக்குப் பதில் சொன்னா எனக்கு மெடலா குத்துவான்?"

ஜோல்தோஷ் மறந்து விட்டுப்போன காகிதம் அவள் இழுப்பறையிலேயே கிடந்தது. அச்செழுத்துப் போல் தனித்தனியாக எழுதிய ஒன்பது வரிகள். கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்க வழியில்லை. சைகல் அதை ஒருமுறை வாசித்துவிட்டுப் புரட்டினாள். மறுபக்கம், குறி பார்த்துப் பழகும் வட்டப் பலகைத் தாள். நடு வட்டத்தில் ஐந்து ஓட்டைகள். ஐந்தையும் சைகலின் கட்டைவிரல் நகம் மூடிவிட்டது.

"எழுதினவங்க கையெழுத்தை மறைச்சுட்டாங்க" என்றாள் சைகல். "சுட்டதை மறைக்கல."

காரில் ஏறியதும் பெக்தேன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். "குள்ளமான ஆளு. இடதுகைக்காரன். நல்லாச் சுடறவன். ஜோல்தோஷை வேலை வாங்கற அளவுக்கு நெருக்கம். அக்கா, அந்த ஊர்ல இடதுகைக்காரன்னா கசாப்புக்காரன் ஒருத்தன்தான். அவன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எழுந்து வந்து சுட்டிருந்தா கல்லறை வாசல்ல காலடி இருக்கும்."

"அவங்க வீட்டுல யார் சுடுவாங்க?"

"மக நாஸிக். பதினாறு வயசு. பெரியப்பன் கேம்ப்லதான் பயிற்சி. ஆனா அவ வலதுகைக்காரி. தவிர, கொலை நடந்த அன்னைக்கு பிஷ்கேக்ல போட்டியில இருந்தா. இருநூறு பேர் பார்த்திருக்காங்க. இன்னும் ஹாஸ்டலை விட்டு வரவே இல்ல."

"வேற?"

"வேற யாரு? அம்மாவா? அதுக்குப் பாவம் ஒரு கண்ணு கிடையாது."

கன்ஷாயிமின் கதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். பதினெட்டு வயதில் ஒமுர்சாக்கின் கேம்ப்பில் அவள்தான் முதல் மாணவி. ஒருநாள் தோட்டா துப்பாக்கிக்குள்ளேயே வெடித்துக் கண் போயிற்று. ஒற்றைக்கண்ணியை எவன் கட்டுவான் என்று அவள் வீட்டார் இடிந்து உட்கார்ந்தபோது, "என் கேம்ப்பில் போன கண், நானே பொறுப்பு" என்று ஒமுர்சாக் தன் சொந்தத் தம்பியையே கட்டிவைத்தான். எந்த விருந்திலும் பெரிய மனிதருக்கென்று எடுத்துவைக்கும் ஆட்டுத் தலையை அவன் முன்னால் வைக்கும்போது யாராவது ஒரு கிழவர் அந்தப் பெருந்தன்மையை எடுத்துச் சொல்லாமல் இருந்ததில்லை. இருபது வருஷமாக, அந்த விருந்துகளில் கன்ஷாயிம்தான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.

"வண்டியை ஓரமா நிறுத்து" என்றாள் சைகல். "இறங்கு. பின்னால இருக்கற மண்வெட்டியை எடு. அதுதான் துப்பாக்கி. அந்தத் தந்திக் கம்பத்தைச் சுடு."

பெக்தேன் மண்வெட்டிக் காம்பை வலது தோளில் பொருத்தி, இடது கண்ணை மூடிக் குறி பார்த்தான். "டுமீல். கம்பம் காலி."

"இப்ப வலது கண்ணு உனக்கு இல்ல. அதை மூடிக்கிட்டுச் சுடு."

அவன் வலது கண்ணை மூடினான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். கழுத்தைக் காம்பின் மேலே வளைத்தான். எப்படி வளைத்தாலும் இடது கண்ணைக் காம்புக்கு நேரே கொண்டுவர முடியவில்லை. நாலாவது முயற்சியில் அவன் கைகள் தாமாகவே மண்வெட்டியை இடது தோளுக்கு மாற்றின.

"இடது கையைத் தேடாதடா. இடது கண்ணைத் தேடு."

பெக்தேன் மண்வெட்டியை மெதுவாக இறக்கினான். கன்ஷாயிம் வலது கையால் எழுதுகிறவள், வலது கையால் ரொட்டி பிட்டு வைக்கிறவள். நேற்று முற்றத்தில் தன் நெஞ்சு உயரம்கூட வராத அவள் பக்கத்தில் நின்றபோது, அவள் மூக்குக்கு வலப்புறம் அந்தக் கண்ணாடிக் கண்தான் அசையாமல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்மளைக் கூலிக்கு அமர்த்தினதே அவங்கதானே அக்கா" என்றான்.

"அதான் எனக்கு நேத்திலேர்ந்து சோறு இறங்கல."

கன்ஷாயிம் அவர்களை உள்ளே உட்காரவைத்தாள். விரிப்பில் ரொட்டியும் போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளும் ஏப்ரிகாட் ஜாமும் வந்தன. விருந்தாளிக்கு ஊற்றுகிற வழக்கப்படி குவளையில் பாதி மட்டும் தேநீர் ஊற்றி, வலது கையால் நீட்டினாள். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"ஜோல்தோஷைப் பார்த்தீங்களா? சாப்பிட்டாரா?"

"அழுதுட்டிருக்கான்னு சொன்னா உனக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றாள் சைகல். காகிதத்தை எடுத்து ஜாம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓட்டை விழுந்த பக்கம் மேலே இருந்தது.

கன்ஷாயிம் குனிந்து பார்த்தாள். தலை முழுவதையும் திருப்பித்தான் அவளால் பார்க்க முடியும். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நல்லாச் சுட்டிருக்காங்க. யாரு?"

"அறுபது தப்படியா, எழுபதா?"

"எனக்கு எப்படித் தெரியும் அக்கா? நான் ஒத்தைக்கண்ணி."

"கொலையைக் கை தவறின குண்டுன்னு எழுதி போலீஸ் மூடிட்டாங்க. அதோட உனக்குப் பாதி வேலைதான் முடிஞ்சது. மீதிப் பாதிக்கு என்னைத் தேடி வந்த. புருஷனைக் காப்பாத்துங்கன்னு சொன்னா நான் எங்கெங்க தோண்டுவேன்னு உனக்குத் தெரியும். வைக்கோல்ல துப்பாக்கியை நீயே வச்ச. ரெண்டு வேலைக்கு ஒரு துப்பாக்கின்னு கடையில கேக்கச் சொன்னியே, சரியாத்தான் சொல்லியிருக்க. அண்ணனை அதை வச்சுச் சுட்ட. தம்பியை என்னை வச்சுச் சுட்ட."

கன்ஷாயிம் இன்னொரு பாதிக் குவளை ஊற்றினாள்.

"இதைப் போய் மேஜர்கிட்ட சொல்லுங்க. கண்ணில்லாதவ தொண்ணூறு தப்படி தூரத்துல மனுஷனைச் சுட்டான்னு சொல்லுங்க. ஸ்டேஷனே சிரிக்கும். துப்பாக்கி அவர் பேர்ல இருக்கு. வாங்கினது அவர். கொட்டகை அவருது."

"ஜோல்தோஷ் உனக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல." அவள் தேநீர்க் கூஜாவைக் கீழே வைத்தாள். "அதான் பண்ணினார்."

வெளியே ஒரு ஆடு செருமியது.

"காலையில அவன் என்கிட்ட சொல்லிட்டான்" என்றாள் சைகல். "தோட்டா வெடிக்கல. நீ ஒரு குறி தப்பினதுக்கு, ஒமுர்சாக் துப்பாக்கி துடைக்கற இரும்புக் குச்சியால முகத்துல அடிச்சான். கேம்ப்ல சாமான் அறையைப் பார்த்துக்கிட்டிருந்த ஜோல்தோஷ் வாசல்ல நின்னு பார்த்தான். விசாரணையில 'தோட்டா வெடிச்சதை என் கண்ணால பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டான்."

"நான் கத்தினேன் அக்கா. ஆஸ்பத்திரியில நாலு நாள் கத்தினேன், அவன் அடிச்சான் அடிச்சான்னு. மயக்கத்துல உளறுதுன்னாங்க. அப்பறம் கல்யாணம் பேசினாங்க." அவள் குரல் ஏறவே இல்லை. சந்தையில் உருளைக்கிழங்கு விலை சொல்கிற குரல்தான். "போன வசந்தத்துல நாஸிக் கேம்ப்லேர்ந்து வந்தா. விரல் நாலும் வீங்கியிருந்தது. 'பெரியப்பா குச்சியால தட்டினார், ஒண்ணும் இல்லம்மா'ன்னா. நான் இவரைப் பார்த்தேன். இவர் சூப்பைக் குடிச்சுக்கிட்டே 'கதவு இடிச்சிருக்கும்'னார்."

பெக்தேன் கையிலிருந்த போர்சோக்கை விரிப்பில் திரும்ப வைத்துவிட்டான்.

"இதுல உன் தப்பு எதுன்னு தெரியுமா?" என்றாள் சைகல். "ஒரு தோட்டா சுட வலதுபக்கப் போல்ட்டே போதும். இடதுபக்கம் கேட்டிருக்கக் கூடாது."

"தெரியும்." முதல் முறையாக அவள் லேசாகச் சிரித்தாள். "செருப்புலேர்ந்து புருஷன் வரைக்கும் யாரோ குடுத்ததைத்தான் போட்டுக்கிட்டேன். எனக்குன்னு அளவெடுத்தது ஒண்ணாவது வேணும்னு தோணிச்சு. எழுதிட்டேன். இருந்தாலும் என்ன? ஒரு காகிதத்தை வச்சு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது."

"முடியாதுதான்." சைகல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "பண்ணவும் வரல. நான் வந்தது வேற விஷயம் சொல்ல. ஜோல்தோஷ் ஒத்துக்கிட்டான்."

"எதை?"

"கொலையை. 'என் பொண்டாட்டி கண்ணை எடுத்தவனை நான்தான் சுட்டேன், இருபது வருஷம் பொறுத்தேன், இதுக்கு மேல முடியல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டான். காலையில ஸ்டேஷன் வாசல்ல கூட்டம். பொண்டாட்டிக்காக அண்ணனையே சுட்ட ஆம்பளைன்னு கிழவருங்க தொப்பியைக் கழட்டினாங்க. மேஜரே அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தார். தண்டனையும் குறைச்சலாத்தான் இருக்கும். பத்து வருஷம் கழிச்சு வருவான். ஆட்டுத் தலையை அப்ப அவன் முன்னால வைப்பாங்க. நீதான் டீ ஊத்தணும்."

கன்ஷாயிமின் நல்ல கண் சைகலின் மேல் நிலைத்து நின்றது. பிறகு அவள் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது.

"அவரா?"

"அவன்தான்."

"அவரா சுட்டார்? தோட்டாவை எந்தப் பக்கம் வைக்கணும்னு அவருக்குத் தெரியுமா? ஆடு அறுக்கக்கூட பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடற மனுஷன்!" அவள் எழுந்துவிட்டாள். பெக்தேன் அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டான். "காலையிலேர்ந்து பாறைக்குப் பின்னால படுத்திருந்தேன். ஏரிப்பக்கமிருந்து காத்து. ரெண்டு விரல் தள்ளிப் பிடிச்சேன். அணில் விசில் அடிச்சது. அந்த ஆளு தலையைத் தூக்கினார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திட்டு அழுத்தினேன். அந்த ஆளு கீழே விழுந்த அப்பறமும் நான் போல்ட்டை இழுக்கல. பத்து எண்ணினேன். அப்பறம் இழுத்தேன், குழாயை எடுத்தேன், வாயில போட்டுக்கிட்டேன். சூடா இருந்தது. இருபது வருஷத்துல நான் சாப்பிட்ட ஒரே சூடான பண்டம் அதுதான். அதை அவர் தன்னுதுன்னு எழுதிக்குடுப்பாரா?"

அவள் சுவர்ப்பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கைவிட்டு, சுருட்டிய ஒரு கைக்குட்டையை எடுத்தாள். அதற்குள் அந்தப் பித்தளைக் குழாய் இருந்தது.

"வண்டியை எடுங்க" என்றாள்.

மேஜர் இஷேன் முதலில் நம்பவில்லை. வெளிமுற்றத்தில் அறுபது தப்படி தள்ளி மூன்று பாட்டில் மூடிகளை வைத்து, கான்ஸ்டபிளின் பயிற்சித் துப்பாக்கியை அவளிடம் கொடுத்தார்கள். போல்ட் வலதுபக்கம் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் கையை மேலே வளைத்து எடுத்துப்போக வேண்டியிருந்தது. இருந்தாலும் மூன்று தடவை சுட்டாள், மூன்று மூடி பறந்தன. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வாக்குமூலத்தை அவளே சொல்லி அவளே படித்துப் பார்த்தாள். "தொண்ணூறு தப்படி" என்பதை எழுத்தர் "எழுபது" என்று எழுதியிருந்தார். அடித்துத் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை வைத்த பிறகு நிமிர்ந்தாள். "அவரைக் கூப்பிடுங்க. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். இது என்னுதுன்னு."

உள் கதவு திறந்தது. ஜோல்தோஷ் வந்தான். வீங்கிய கண், ஒழுகும் மூக்கு, இரண்டு நாள் தாடி. மேஜரைப் பார்த்ததும் அவர் காலிலேயே விழுந்தான்.

"ஐயா, நான் இல்லைங்கய்யா! நேத்திலேர்ந்து கத்தறேனே! அவதான் எழுதிக் குடுத்தா, நான் வாங்கிட்டு மட்டும்தான் வந்தேன்! இந்தத் தடவை உண்மையத்தான் சொல்றேன், யாருமே நம்ப மாட்டேங்கறீங்களே!"

மேஜர் காலை இழுத்துக்கொண்டார்.

கன்ஷாயிம் அசையாமல் நின்றாள். தான் கேட்க ஆசைப்பட்டது அத்தனையும் கேட்டுவிட்டாள். கத்தினான், அழுதான், ஒருவரும் நம்பவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஆயுசு முழுக்க அது நடந்துகொண்டிருந்திருக்கும். மேஜையில் மை காயாத அவள் கையெழுத்து கிடந்தது. அவள் தலையை மெல்லத் திருப்பி சைகலைத் தேடினாள்.

"நாஸிக்கை அவர்கிட்ட விடாதீங்க" என்றாள். கான்ஸ்டபிள் அவள் முழங்கையைத் தொட்டான். போய்விட்டாள்.

வெளியே வந்ததும் பெக்தேன் காருக்குப் பக்கத்தில் நின்றான். சைகல் தயிர் உருண்டையைத் தேடிப் பையைத் துழாவினாள். தீர்ந்துவிட்டிருந்தது.

"அக்கா. அவங்க வாழ்க்கையில இது ரெண்டாவது பொய் சாட்சி."

"தெரியும்."

"முதல்ல சொன்னவன் வெளிய வரான். ரெண்டாவதைச் சொன்னது நீங்க."

"கொலை பண்ணினவ உள்ள போகணும். பண்ணாதவன் வெளிய வரணும். என் வேலை அவ்வளவுதான்." சைகல் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "என்னை ஒருத்தர் துப்பாக்கியாப் பிடிச்சா, நான் அவங்க பக்கமே திரும்பித்தான் வெடிப்பேன். பிடிக்கலைன்னா வேற வேலை பாரு."

வேறு வேலை பார்க்கலாமா என்று பெக்தேன் உண்மையாகவே ஒரு நிமிஷம் யோசித்தான்.

ஸ்டேஷன் படியில் ஜோல்தோஷ் இறங்கி வந்தான். முகத்தைக் குழாயடியில் கழுவியிருந்தான். பெல்ட்டையும் ஷூ நாடாவையும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நாடாவைக் கட்டிக்கொண்டே, வெகுநாள் பழகினவன் மாதிரி கேட்டான்:

"தம்பி, அந்தப் பக்கமாத்தானே போறீங்க? என்னையும் வழியில இறக்கி விட்டுடுங்க. சாயங்காலம் ஆட்டை உள்ள விடணும். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல வேற."

சைகல் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அந்தத் துப்பாக்கியைத் திருப்பித் தருவாங்களா?" என்றான் ஜோல்தோஷ். "புதுசு. நாஸிக்குக்கு ஆகும்."

"ஆகாது" என்றான் பெக்தேன். "அது இடதுபக்கத் துப்பாக்கி."

"அப்படியா?" ஜோல்தோஷ் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நான் பார்க்கலையே."

பெக்தேன் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கறேன் அண்ணே. சரியாச் சொன்னா வீட்டு வாசல்லயே இறக்கி விடறேன். உங்க பொண்டாட்டிக்கு எந்தக் கண்ணு இல்ல?"

"இதென்ன கேள்வி? இருபது வருஷமாப் பார்க்கறேன்." ஜோல்தோஷ் சிரித்தான். பிறகு எதிரே யாரோ நிற்பது போல் நினைத்துப் பார்த்துக்கொண்டு வலது கையைத் தூக்கினான். யோசித்தான். அதை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கினான். "இருங்க தம்பி... அவ எதிர்ல உக்காந்து டீ ஊத்துவா இல்ல? அப்ப இந்தப் பக்கம்... இல்ல, இல்ல..."

பெக்தேன் வண்டியைக் கிளப்பினான். பின்கண்ணாடியில் ஜோல்தோஷ் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் முகத்துக்குப் பக்கத்தில் உயர்ந்திருக்க, இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.